வாசலோரத்து மேஜை

பிப்ரவரி 21 தாய்மொழி நாள், மார்ச் 24 காசநோய் நாள், ஏப்ரல் 18 மரபுச் சின்னங்களின் நாள், ஏப்ரல் 23 புத்தக நாள், ஆகஸ்ட் 12 நூலகர் நாள், நவம்பர் 14 முதல் தேசிய நூலக வாரம், அதன் முடிவைத் தொட்டுக்கொண்டே 19ஆம் தேதி தொடங்கும் உலக மரபு வாரம், டிசம்பர் 1 எய்ட்ஸ் நாள் என்று கல்லூரி நாட்காட்டியில் அச்சாகியிருக்கும் விசேஷ தினங்கள் ஒவ்வொன்றும், நூலகத்தின் வாசலில் வந்து நின்று, ‘எனக்காக என்ன எடுத்து வைத்திருக்கிறாய்?’ என்று நூலகரைக் கேட்கின்றன. பெரும்பாலான கல்லூரிகளில் இதற்குக் கிடைக்கும் விடை சுருக்கமானது. நீண்ட மேஜையின்மீது பச்சை விரிப்பு ஒன்று விரிக்கப்படும், அட்டை பளபளக்கும் நூல்கள் ஐம்பது அறுபது அதன்மேல் அடுக்கப்படும், முதல்வர் வந்து நாடாவைக் கத்தரிப்பார், புகைப்படம் எடுக்கப்படும், ஆண்டறிக்கைக்கு ஒரு பத்தி எழுதப்படும், மாலை நான்கு மணிக்கு நூல்கள் யாவும், ஒருவரும் தொடாத நிலையில், வந்த வழியே அலமாரிக்குத் திரும்பிவிடும்.

சடங்குகளின்மேல் எனக்கு வெறுப்பு ஏதும் இல்லை. ஒரு நாளைக் குறித்துவைத்து அதைப் பலரும் ஒருங்கே நினைப்பது நல்ல வழக்கமே. ஆனால், காவிரிப் படுகையில் ஒரு கலைக் கல்லூரியின் நூலகத்தில் என் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில், அந்த நாட்கள் நூலகருக்குத் தருகிற சந்தர்ப்பம் வேறு எவ்வகையிலும் கிட்டாதது என்பதையும், அதைப் பச்சை விரிப்போடு சேர்த்து மடித்து வைத்துவிடுவது மாணவர்களுக்குப் பெரிய நஷ்டம் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நூலகத்தில் நூல்கள் பகுப்பெண்ணின் வரிசைப்படி நிற்கின்றன. அவ்வரிசை இல்லையேல் பல்லாயிரம் நூல்களுக்கு நடுவிலிருந்து வேண்டிய ஒன்றை எடுப்பது அசாத்தியம். ஆயினும், எந்தப் பகுப்பு முறையானாலும் அது ஒரு நூலை ஓரிடத்தில்தான் நிறுத்த முடியும். நிறுத்தும்போதே அந்நூலுக்கு வேறு நூல்களோடு உள்ள உறவுகள் பலவற்றைத் துண்டித்துவிடும். எங்கள் கல்லூரியிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் தாராசுரத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் இராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலைப் பற்றி ஒருவன் அறிய விரும்பினால், டியூயியின் தசாம்சப் பகுப்பின்படி, கட்டடக் கலைக்கு 726ஆம் எண்ணுக்கும், அரசனுடைய வரலாற்றுக்கு 954.82க்கும், சைவ சமயத்துக்கு 294.5க்கும் அவன் போகவேண்டும். அக்கோயிற் சுவரில் சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கும் அடியார் சரித்திரங்களின் மூலமாகிய பெரியபுராணத்துக்கும், அவ்வரசனுடைய அவைப்புலவரான ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணியை 1930இல் உ.வே. சாமிநாதையர் உரையோடு வெளியிட்ட பதிப்புக்கும் 894.811 என்ற எண்ணை நாடவேண்டும். எங்கள் கட்டடத்தில் இவை நான்கும் நான்கு மூலைகளில், ஒன்று மாடியில்கூட, இருந்தன. தமிழ் இலக்கியம் பயில்கிறவன் 894ஐ விட்டு நகர்வதில்லை. வரலாறு பயில்கிறவன் 954ஐத் தாண்டுவதில்லை. 726 என்ற அலமாரி எங்கே இருக்கிறதென்பதே இருவருக்கும் தெரியாது. வணிகவியல் மாணவனோ பாடநூல் பகுதிக்கு அப்பால் ஓரடியும் எடுத்துவைத்தவன் அல்லன். பகுப்பெண் பிரித்துவைத்த இந்தச் சுற்றத்தையெல்லாம் ஒரு வார காலமாவது ஒரே மேஜையில் கூட்டி உட்காரவைக்க நூலகருக்குக் கிடைக்கும் அனுமதிதான் இந்த விசேஷ தினங்கள் என்பது என் துணிபு.

தஞ்சைப் பெரிய கோயில் 1987இலேயே உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதனோடு சேர்க்கப்பட்டது 2004இல். அவ்வாண்டு நவம்பரில் நான் அமைத்த மேஜை, அதுவரை அமைத்தவை எல்லாவற்றையும்விட எனக்கு மனநிறைவு தந்தது. ஏப்ரல் 18ஐ விட நவம்பர் வாரமே இதற்கு உகந்தது என்று நான் எப்போதும் கருதிவந்தேன். ஏப்ரலில் வகுப்புகள் முடிந்து கல்லூரி கலைந்துகொண்டிருக்கும். நவம்பரிலோ பருவத் தேர்வுக் காலம், வெளியே அடைமழை, ஆண்டு முழுவதும் நூலகத்தை எட்டிப் பாராதவன்கூடப் பழைய வினாத்தாள் கட்டுக்காகவும், இரவல் கிடைக்காத பாடநூலில் இரண்டு அத்தியாயங்களைப் படித்துத் தீர்ப்பதற்காகவும் உள்ளே வந்தே தீரவேண்டும். ஆகவே மேஜையை மண்டபத்தின் நடுவே அலங்காரமாகப் போடாமல், வாசலுக்கும் நூல் வழங்குமிடத்துக்கும் இடையே, குடையை மடக்கிச் சாத்திவிட்டுத் திரும்புகிறவன் அதைத் தாண்டாமல் அப்பால் போகமுடியாதபடி போடச் செய்தேன்.

மேஜைக்கென்று சில நியமங்களை நாளடைவில் வகுத்துக்கொண்டேன். பதினைந்து நூல்களுக்கு மேல் வைப்பதில்லை. மிகுதியாக வைத்தால் கண் எதன்மேலும் நிலைப்பதில்லை. நூல்களை மூடிப் படுக்கவைப்பதில்லை. படிக்கத் தகுந்த பக்கத்தைத் திறந்து, காகிதப் பட்டை ஒன்றைக் குறுக்கே இட்டு, அருகில் ஒரு சிறு அட்டை நிறுத்துவோம். அந்த அட்டையில் நூலாசிரியரின் பெருமையையோ, படித்துப் பயன்பெறுக என்ற உபதேசத்தையோ எழுதுவதில்லை. அப்பக்கத்தில் விடை இருக்கிற ஒரு கேள்வியை மட்டும் எழுதுவோம். கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிவைக்கும் வழக்கத்தை அறவே விட்டுவிட்டோம். யாவற்றிலும் முக்கியமான நியமம், மேஜையில் இருக்கும் நூலை ஒருவன் கேட்டால், ‘வாரம் முடியட்டும், தம்பி’ என்று சொல்லாமல் அந்தக் கணமே அவன் பெயரில் பதிந்து கொடுத்துவிடுவது. மேஜையில் வெற்றிடம் விழுந்தால் பார்வைக்கு நன்றாயிராது என்று எங்கள் உதவியாளர் ஆரம்பத்தில் மிகவும் வருத்தப்பட்டார். அவ்வெற்றிடம் விழுவதற்காகவே மேஜை போட்டிருக்கிறோம் என்பதை அவர் ஒப்புக்கொண்டபின், எந்த நூல் எந்த நாளில் போயிற்று என்பதை என்னிலும் ஆவலாக அவரே கவனித்துச் சொல்லத் தொடங்கினார்.

அந்த மரபு வாரத்தில் நடந்த ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தஞ்சைக் கோயிற் கல்வெட்டுகளை ஹுல்ட்ஸ் 1891 முதல் பகுதி பகுதியாகப் பதிப்பித்து வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் இரண்டாம் மடலம் எங்கள் நூலகத்தில் இருந்தது. கனத்த பெரிய நூல். முதுகு தளர்ந்து நாடாவால் கட்டிவைக்கப்பட்டது. மழைக்காலத்தில் ஈரம் ஏறாமலிருக்க வசம்புத் தூள் முடிச்சோடு பெட்டிக்குள் இருப்பது. வெளியே இரவல் தரக்கூடாதது. அதில், முதலாம் இராஜராஜன் பற்பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துத் தஞ்சையில் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருடைய பெயர்களும், அவர்கள் வந்த ஊர்களும், தெருவில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட மனைகளும் வரிசையாக வருகின்ற பக்கத்தைத் திறந்துவைத்து, ‘கோயிலில் ஆடிய பெண்ணுக்கு அரசன் கொடுத்த ஆண்டு ஊதியம் என்ன?’ என்று அட்டை நிறுத்தியிருந்தோம்.

கணக்குப்பதிவியல் நூலுக்காக வந்த வணிகவியல் மாணவி ஒருத்தி, ஊதியம் என்ற சொல்லைப் பார்த்தே நின்றிருக்கவேண்டும். ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பதைக் கண்டுகொண்ட பிறகும் அவள் நகரவில்லை. விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனவள், திருவாரூர், திருவையாறு என்ற பெயர்களைத் தாண்டிப் பழையாறையில் வந்து நின்று, “சார், எங்க ஊரு இதுல இருக்கு சார்!” என்று, வாசிப்பறையின் நிசப்தம் கலையும்படி கூவிவிட்டாள். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களில் நாலைந்து பேர் எழுந்து வந்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் ஊரைத் தேடினார்கள். கிடைத்தவன் பெருமிதத்தோடும், கிடைக்காதவன் வேறு மடலத்தில் இருக்குமா என்ற கேள்வியோடும் நின்றதை நான் என் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கலம் என்பது எவ்வளவு என்று அப்பெண் என்னைக் கேட்டாள். வீட்டிலே பெரியவர்களைக் கேட்டு வா, அம்மா, என்றேன். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று தன் பாட்டனார் சொன்னதாகவும், ஆயிரத்து இருநூறு மரக்கால் நெல்லை ஒரு பெண் தனியாக என்ன செய்வாள் என்று அவரே வியந்ததாகவும் மறுநாள் வந்து சொன்னாள். அரசர்களின் பட்டியலாக மட்டும் அறிமுகமாகியிருந்த சோழர் காலம், தன் ஊரிலிருந்து புறப்பட்டுப் போன ஒரு பெண்ணின் சம்பளக் கணக்காக அவளிடம் வந்துசேர்ந்தது. அந்த வாரத்தில் அவள் எடுத்துப்போன நூல் சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாறு. அதற்கு முன் அந்நூலின் தேதிச்சீட்டில் இருந்தவையெல்லாம் வரலாற்றுத் துறை ஆசிரியர்கள் எடுத்த தேதிகளே.

ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகனை அடையவேண்டும் என்பதை நூலக இயலின் நியதிகளுள் ஒன்றாக 1931இல் வகுத்தளித்த சீர்காழி இரங்கநாதனை இத்தகைய வேளைகளில் நினையாதிருக்க முடியவில்லை. கணித ஆசிரியராயிருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்த அவர், நூல் அலமாரியில் நிற்பதோடு நூலகரின் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தினார். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியிலே நூல்கள் போயின. அவ்வண்டி ஊர் ஊராகச் சென்றது. எங்கள் மேஜைக்கு நூல்கள் சென்ற தூரமோ அலமாரியிலிருந்து முப்பது அடிதான். ஆயினும் அந்த முப்பது அடியை நூல்கள் தாமாகக் கடப்பதில்லை.

தாய்மொழி நாளைப் பற்றி ஒரு வார்த்தை. 1952இல் டாக்காவில் வங்க மொழிக்காக மாணவர்கள் உயிர்நீத்த நாள் அது. யுனெஸ்கோ 1999இல் அறிவித்து, அடுத்த ஆண்டிலிருந்து உலகெங்கும் அனுசரிக்கப்படுகிறது. அந்நாளில் தமிழ்ப் பெருமை பேசும் நூல்களை மட்டும் வைத்துவிடுவது எளிது. ஆனால் எங்கள் மாணவர்களுள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் நெசவாளர் குடும்பத்துப் பிள்ளைகளும், உருதும் தெலுங்கும் பேசுகிறவர்களும், தஞ்சையிலிருந்து வரும் மராத்தியக் குடும்பத்தினரும் இருந்தார்கள். ஆகையால் எங்களிடம் இல்லாத மொழிகளுக்கும் மேஜையில் இடம் விட்டு, வீட்டிலிருந்து ஏதேனும் கொண்டுவந்தால் வைத்துக்கொள்வோம் என்று அறிவித்தோம். சௌராஷ்டிரத்துக்கெனத் தனி எழுத்து உண்டு என்பதை, ஒரு மாணவன் கொண்டுவந்த பழைய பஜனைப் புத்தகத்தைப் பார்த்தே அவனுடைய வகுப்புத் தோழர்கள் அறிந்தார்கள். அவ்வெழுத்தை வாசிக்கத் தனக்கும் தெரியாதென்று அவன் சொன்னான்; அடுத்த ஆண்டு வாசித்துக் காட்டினான்.

விழிப்புணர்வு நாட்களின் விஷயம் முற்றிலும் வேறு. மரபு நூலுக்கு ஏற்றவையாக இருக்கும் முறைகள் நோய் பற்றிய நூலுக்குப் பொருந்துவதில்லை என்பதைத் தொழிலில் சில ஆண்டுகள் கழிந்தபின்பே ஒருவர் உணர்கிறார். காசநோய் நாள் ஒருவகையில் சுலபமானது. இராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24இல் அந்நோயின் கிருமியைத் தாம் கண்டறிந்ததை பெர்லினில் அறிவித்தார். நோயாளியைச் சானடோரியத்தில் வைக்காமல் வீட்டில் இருத்தியே மருந்தால் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்ததோ 1956இல் நம் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு நிலையம். இவ்விரண்டையும் சொல்லும் நூல்களை வைத்தால் விலங்கியல் மாணவர்கள் வருவார்கள், ஏனையோர் வருவதில்லை. ஆதலால் நான் மருத்துவ நூல்களுக்கு நடுவே புதுமைப்பித்தன் கதைகளையும், கீட்ஸின் கவிதைகளையும், செக்காவையும், காப்காவையும், ஆர்வெல்லையும் வைத்து, அருகில் 1948, 1821, 1904, 1924, 1950 என்று ஆண்டை மாத்திரம் எழுதிவைத்தேன். ஐவரையும் கொண்டுபோனது ஒரே நோய் என்பதை அறிந்துகொண்ட இலக்கிய மாணவர்கள், கதையை ஒரு கையிலும் கோக்கின் வரலாற்றை மறு கையிலுமாக எடுத்துப்போனார்கள்.

எய்ட்ஸ் நாளுக்கு இவ்வழி உதவவில்லை. இந்தியாவில் அந்நோய்க்கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையிலேதான். உலக எய்ட்ஸ் நாள் 1988 முதல் நடைபெறுகிறது. நல்ல நூல்களும், எளிய தமிழில் எழுதிய கையேடுகளும் எங்களிடம் வந்துசேர்ந்தன. மேஜையில் வைத்தால் மாணவர்கள் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டு கடந்துபோனார்கள். அவர்களுக்குச் சிரத்தை இல்லை என்று சில ஆசிரியர்கள் அபிப்பிராயப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாலையில் விளக்கணைக்கும் நேரத்தில் பார்த்தால் கையேடுகள் வைத்த இடத்தில் வைத்தபடி இருப்பதில்லை. யாரோ புரட்டியிருக்கிறார்கள், ஒருவரும் பார்க்காத சமயத்தில். தன் ஊர்ப் பெயரைக் கல்வெட்டில் கண்டவளுக்குப் பத்துப் பேரைக் கூவி அழைக்கவேண்டும் என்று தோன்றும். தன் உள்ளத்தை அரிக்கும் ஐயத்துக்கு விடை தேடுகிறவனுக்கோ, அந்நூலை அவன் தொட்டதே பிறருக்குத் தெரியக்கூடாது. அவனை வாசலோரத்தில் நிறுத்தினால், நூல் அவனைச் சேராதது மட்டுமன்று, அவனைப் பற்றிய பேச்சுக்கும் நாமே வழிசெய்தவர்களாவோம்.

அக்காலத்து நூல்வழங்கும் முறையை அறிந்தவர்களுக்கு இதன் தீவிரம் விளங்கும். நூலின் பின்னட்டையில் ஒட்டிய பையில் நூலட்டை ஒன்று இருக்கும். எடுத்தவருடைய எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அதில் எழுதப்படும். ஒரு வகுப்பில் யாருக்கு எந்த எண் என்பது வகுப்பு முழுவதற்கும் தெரியும். அடுத்து அந்நூலை எடுப்பவன் தனக்கு முன் எடுத்தவன் யார் என்பதை அரை நொடியில் அறிந்துவிடுவான். ஆகவே எய்ட்ஸ், மனநலம், போதைப் பழக்கம், மகளிர் உடல்நலம் ஆகியவை பற்றிய சிறு நூல்களிலிருந்து அந்த அட்டையை நீக்கிவிட்டு, நூற்கட்டுச் செய்த பழைய பருவ இதழ்கள் நிற்கும் வரிசையின் கோடியில், யாரும் உட்காராத ஜன்னலோரத்தில், சிறு அலமாரி ஒன்றில் அவற்றை வைத்தோம். பதிவேடு இல்லை, கையொப்பம் இல்லை, கேள்வி இல்லை. எடுத்துப்போகலாம், படித்தபின் வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிடலாம். வாசலோரத்து மேஜையில் அந்த நாட்களில் பொதுவான சுவரொட்டி ஒன்றும், அந்த அலமாரி இருக்குமிடத்தைச் சொல்லும் ஒரு வரியும் போதுமென்று வைத்தோம்.

நூல்கள் குறையாமலா இருந்தன? குறைந்தன. இருப்புச் சரிபார்க்கும்போது தணிக்கையாளர் கேட்டார். மத்திய அரசின் பொது நிதி விதிகளே, ஆயிரம் நூல்கள் வழங்கப்பட்டால் ஆண்டுக்கு ஐந்து வரை தொலைவதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்று ஒப்புகின்றன என்பதை எடுத்துக்காட்டி, அந்த வரம்புக்குள் நாங்கள் இருப்பதையும் காட்டினேன். அவர் ஏற்றுக்கொண்டார். அவ்விதி இல்லாவிடினும் என் கருத்து மாறியிராது. காணாமற்போன கையேடு யாரோ ஒருவருடைய பெட்டியின் அடியில் இருக்கிறது; இருக்கவேண்டிய இடம் அதுதான். சில நூல்கள் ஓராண்டுக்குப் பிறகும் பெட்டியில் வந்து விழுந்தன.

செப்டம்பர் 10 தற்கொலைத் தடுப்பு நாள், 2003 முதல் அனுசரிக்கப்படுவது. அக்டோபர் 10 மனநல நாள், 1992 முதல். இந்த இரண்டு நாட்களுக்கும் நூல் தெரிந்தெடுப்பதில் மிகுந்த நிதானம் வேண்டும். சாவை மகிமைப்படுத்தும் கதைகள் எவ்வளவு சிறந்த இலக்கியமாயினும் அன்று முன்னே வைக்கத்தக்கன அல்ல. துயரத்தில் விழுந்து மீண்டெழுந்தவர்களின் வரலாறுகளே தக்கவை. நூலைவிட உடனடியாக உதவுவது ஒரு தொலைபேசி எண். சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சிநேகா போன்ற அமைப்புகளின் எண்களைச் சிறு சீட்டுகளில் அச்சிட்டு, மனநல நூல்களில் மட்டும் செருகாமல், பொருளாதாரம், இயற்பியல், கணக்குப்பதிவியல், வினாத்தாள் தொகுப்பு என எல்லாப் பாடநூல்களிலும் செருகிவைத்தோம். தேர்வுக்காக எடுத்த நூலில் தற்செயலாக அகப்பட்ட சீட்டை வைத்துக்கொள்வதில் யாருக்கும் கூச்சமில்லை. திரும்பிவரும் நூல்களில் சீட்டு இல்லாதபோதெல்லாம் புதிதாக ஒன்றைச் செருகுவது எங்கள் உதவியாளரின் அன்றாட வேலையாயிற்று. ஒவ்வொரு பருவத் தேர்வுக்கு முன்பும் சீட்டுகளை மறுபடி அச்சிட வேண்டியிருந்தது.

கணினி வந்தபின் நூலட்டை மறைந்தது. ஆனால் யார் எதை எடுத்தார் என்பதைக் கணினி அட்டையைவிட நீண்ட காலம் நினைவில் வைத்திருக்கிறது. திரும்பிவந்த நூலின்மேல் எடுத்தவருடைய பெயர் தங்காதபடி அதனை அமைத்துத் தரவேண்டும் என்று மென்பொருள் நிறுவ வந்த இளைஞர்களிடம் நான் வற்புறுத்தியபோது, இதுவரை எந்த நூலகரும் இப்படிக் கேட்டதில்லை என்றார்கள். செய்துகொடுத்தார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் இளையவரிடம் பொறுப்பை ஒப்படைத்தபோது, சாவிக்கொத்துக்கும் வரவுப் பதிவேட்டுக்கும் முன்னதாக இதைத்தான் விளக்கிச் சொன்னேன்.

இன்னுமொன்றும் அவருக்குச் சொன்னேன். வாரம் முடிந்து மேஜையை எடுக்கும்போது, எஞ்சியிருக்கும் நூல்களை நேரே அலமாரிக்கு அனுப்பக்கூடாது. பிறர் படித்துத் திருப்பிய நூல்கள் அடுக்கக் காத்திருக்கும் தள்ளுவண்டியில்தான் மாணவர்கள் அலமாரியைக் காட்டிலும் ஆவலோடு தேடுவார்கள். இன்னொருவன் படித்தது என்ற எண்ணமே ஒரு சிபாரிசு. ஆகையால் மரபு வாரத்து நூல்களை மேலும் ஒரு வாரம் அந்த வண்டியிலேயே கலந்து நிறுத்திவையுங்கள் என்றேன். தக்கயாகப்பரணிப் பதிப்பு ஓர் ஆண்டு அப்படித்தான், மேஜையிலிருந்து அன்று, தள்ளுவண்டியிலிருந்தே வெளியே போயிற்று. எடுத்தவன் இயற்பியல் மாணவன்.